தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு பள்ளி ஆலோசகரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

பள்ளியில் மாணவர்களுக்குக் கவுன்சலிங் கொடுக்கும் வேலையில் இருப்பவள் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: எங்கள் நேரத்தை எங்களிடமே விட்டுவையுங்கள்.

ஆசிரியர் யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்கு எங்களை அனுப்புகிறீர்கள். தேர்வு வந்தால் கண்காணிப்பு, விழா வந்தால் மேடைப் பொறுப்பு. அறையில் பிள்ளைகள் இல்லாத நேரமெல்லாம் உங்கள் கண்ணுக்கு நாங்கள் சும்மா இருக்கும் நேரமாகிவிடுகிறது. ஆனால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு பிள்ளை உள்ளே வரும். வந்ததும் விஷயத்தைச் சொல்லாது. தலைவலி என்னும், கணக்கு புரியவில்லை என்னும். பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடும். மணி அடித்து எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒரே ஒரு வரி சொல்லும். அதுவரை பேசியதெல்லாம் அந்த வரிக்காகத்தான். அன்றைக்கு அறை பூட்டியிருந்தால் அது மறுபடி வருமா என்று யாருக்குத் தெரியும்?

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 35 பேர் இருக்கும் வகுப்பில் சராசரியாக ஐந்து பேர். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. சரி, ஆளைக் கூட்டப் பணம் இல்லாமல் இருக்கலாம். இருக்கும் ஒருவரையாவது அந்த வேலையைச் செய்யவிடலாமே.

இன்னொன்று. ஒரு பிள்ளை எங்களிடம் பேசிவிட்டுப் போனதும் "அவள் என்ன சொன்னாள்?" என்று கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றால் நாங்களே உடனே சொல்லிவிடுவோம். இதைப் பிள்ளைகளிடமும் முதலிலேயே சொல்லித்தான் பேசத் தொடங்குகிறோம். மற்றவை எங்களோடு இருக்கட்டும்.

இந்த வேலையில் சந்தோஷம் நிறைய உண்டு. போன வருடம் அழுதுகொண்டே வந்த பெண், தோழியின் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இவளுக்கும் உங்ககிட்ட பேசணுமாம் மிஸ்" என்பாள். தேறிவிட்ட சில பிள்ளைகள் எங்களைக் கண்டும் காணாததுபோல் போய்விடுவார்கள். எங்களுக்கு அதிலும் நிறைவுதான். அந்த நாட்களை அவர்கள் கடந்துவிட்டார்கள்.

அடுத்த கால அட்டவணை போடும்போது ஆலோசகரின் நேரத்தையும் அதில் எழுதுங்கள். அந்த நேரத்துக்கு வேறு வேலை தராதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆலோசகர்