பேச்சுப்போட்டியில் பேசினால் கோப்பை, வராண்டாவில் பேசினால் டிசி: உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும் கல்லூரிக் கல்வி இயக்கக அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

சேர்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அடுத்து ஆகஸ்ட் 15. கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் பேச்சுப்போட்டிச் சுற்றறிக்கை ஒட்டியாகிவிட்டது. தலைப்பு வழக்கமானதுதான்: விடுதலைப் போராட்டத்தில் மாணவர்களின் பங்கு. ஆளுக்கு ஐந்து நிமிடம், முதல் மணி நான்காவது நிமிடத்தில். அதே அலுவலகத்தில், அதே மேசையில், சேர்க்கைக்கு வந்த மாணவரிடமும் பெற்றோரிடமும் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன், எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ளமாட்டேன், மீறினால் நிர்வாகம் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுவேன் என்று பல கல்லூரிகளின் படிவத்தில் இருக்கிறது. இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்க்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தமிழ்நாட்டின் எல்லா அரசு, அரசு உதவிபெறும், சுயநிதிக் கல்லூரிகளிலும் இந்தக் கல்வியாண்டிலேயே மாணவர் பேரவைக்கு நேர்மையான தேர்தல் நடத்தச் சொல்லி ஓர் அரசாணை வேண்டும்.

பின்னணி தங்களுக்குத் தெரியும். மாணவர் பேரவைத் தேர்தலை எப்படி நடத்துவது என்று வகுத்துக்கொடுத்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று உத்தரவிட்டது. தேர்தல் நடத்தும் சூழல் இல்லாத இடத்தில் மட்டும், அதுவும் இடைக்கால ஏற்பாடாக மட்டும், நியமன முறை இருக்கலாம். ஐந்தாண்டுக்குள் அதுவும் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்பது பரிந்துரை. 2006உடன் ஐந்தைக் கூட்டினால் 2011. பெரும்பாலான கல்லூரிகளில் அந்த இடைக்காலம் இன்னும் முடிந்தபாடில்லை. வகுப்பு ஆசிரியர் கைகாட்டும் பிரதிநிதி, முதல்வர் அறையில் முடிவாகும் தலைவர், சட்டையில் ஒரு பேட்ஜ், பதவியேற்பு விழாவுக்கு ஒரு காவல்துறை அதிகாரி சிறப்பு விருந்தினர். பேரவை என்றால் இவ்வளவுதான்.

இதனால் என்ன குடி மூழ்கிவிட்டது என்று கேட்கலாம். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்ற சாதாரணப் புகாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார் கொண்டுபோவது? நியமிக்கப்பட்ட பிரதிநிதியிடம் சொன்னால், தன்னைப் பிரதிநிதியாக்கிய ஆசிரியரிடமே அவர் போய்ப் புகார் சொல்ல வேண்டும், சொல்லமாட்டார். சரி, எல்லோரும் சேர்ந்து மனு எழுதலாம். மனு எழுதிவிடலாம், முதல் கையெழுத்து யார் போடுவது என்பதில்தான் வண்டி நிற்கும். வெள்ளைத்தாள் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வரும், திரும்பிப் போகும். முதலில் போட்டவர்தான் ‘தூண்டிவிட்டவர்’ என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாள் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த அப்பா பல வீடுகளில் தினக்கூலி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, துறைத்தலைவர் அறைக்கு வெளியே மதியம் வரை நின்று, மகனை நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். குழாயில் தண்ணீர் அன்றைக்கும் வராது.

இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக உள்ள முறைப்படி நூற்றுக்கு 25 மதிப்பெண் அகமதிப்பீடு. உள்தேர்வு, ஒப்படைப்பு, வருகை என்று பிரித்துப் போடும் அந்த 25 முழுக்கக் கல்லூரியின் கையில். நன்னடத்தைச் சான்றிதழும் அவர்கள் கையில், டிசியும் அவர்கள் கையில். யாரும் எதையும் வெளிப்படையாக மிரட்டத் தேவையே இல்லை. மூன்று ஆண்டு வாய் மூடியிருக்க இது போதும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு செயலாளர் இருந்தால் முதல் கையெழுத்து அவருடையது. அது அவர் வேலை. ஆயிரம் பேர் வாக்களித்த ஒருவரைத் ‘தூண்டிவிட்டவர்’ என்று தனியே பிரித்தெடுப்பது சுலபமல்ல. தேர்தல் எதற்கு என்றால் முதலில் இதற்குத்தான்.

குறைதீர்ப்புக் குழு இருக்கிறதே என்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி அந்தக் குழுவில் உறுப்பினர்கள் எல்லோரும் ஆசிரியர்கள். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். அவரும் படிப்பிலோ விளையாட்டிலோ கலைநிகழ்ச்சியிலோ சிறந்தவர் என்று நியமிக்கப்படுபவர். தண்ணீர் வரவில்லை என்று சொல்வதற்குக்கூடப் பதக்கம் வாங்கியிருக்க வேண்டும் போலிருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு பற்றிய 2015 விதிமுறை இதைவிடத் தெளிவானது. மாணவர் தொடர்புடைய புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து மூன்று மாணவர்கள் அமர வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட எத்தனை கல்லூரிகளில் அந்த மூன்று பேருக்கு வாக்குப்பதிவு நடந்தது என்று ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். உறுப்பினர் என்று பலகையில் பெயர் எழுதப்பட்ட மாணவர் படிப்பை முடித்துவிட்டுப் போன பிறகும் அவர் பெயரே அங்கு தொங்கும் கல்லூரிகளும் உண்டு.

மாணவர்களுக்கு எதற்கு அரசியல் என்ற கேள்வி சுதந்திர இந்தியாவில் பிறந்ததல்ல. 1905இல், வங்கப் பிரிவினைக்கு எதிராக மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது, கார்லைல் சுற்றறிக்கை என்று பெயர்பெற்ற ஓர் ஆணையை ஆங்கில அரசு அனுப்பியது. மாணவர்களை அடக்காத கல்வி நிலையங்களுக்கு மானியமும் உதவித்தொகைச் சலுகையும் பறிபோகும் என்பது அதன் சாரம். இன்றைய சேர்க்கைப் படிவத்தின் வாசகத்தை எழுதியவர் அதைப் பார்த்து எழுதியிருக்கமாட்டார்தான். ஆனால் கை அதே திசையில்தான் போயிருக்கிறது.

நம் பக்கத்துக்கே வருவோம். விடுதலைப் போராட்ட வீரரும் கம்யூனிஸ்ட் தலைவருமான என். சங்கரய்யா மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர். மதுரை மாணவர் சங்கத்தை நடத்தியவர். 1941இல் பி.ஏ. இறுதித் தேர்வு நெருங்கும்போது கைதானார். பட்டம் கையில் வரவேயில்லை. எண்பது ஆண்டு கழித்து, 2021 சுதந்திர தினத்தையொட்டி, இதே தமிழ்நாடு அரசு முதல் ‘தகைசால் தமிழர்’ விருதை அவருக்குத்தான் வழங்கியது. 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் தர முடிவெடுத்தது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அந்த நவம்பரில் அவர் மறைந்தார். ஆளுநரை அன்றைய ஆளுங்கட்சி கண்டித்தது, சரியாகத்தான் கண்டித்தது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: சங்கரய்யா இன்று பதினெட்டு வயதில் சேர்க்கைக்கு வந்தால், அந்த உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் அவருக்கு இடம் கிடைக்குமா?

இன்னொன்று, ஜனவரி 25. அன்று மொழிப்போர் தியாகிகள் நாள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ராஜேந்திரன் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். அந்தப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள் 1967இல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் தலைவராக அறியப்பட்டவர். இந்த மாநிலத்தில் ஆட்சி மாறியதே மாணவர்களால்தான் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அதே ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாளும்கூட. அன்று கல்லூரியில் எல்லோரையும் நிறுத்தி வாக்குரிமையைப் பற்றி உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். தேர்தல் விழிப்புணர்வு மன்றத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கொண்டுவந்து மாதிரித் தேர்தல் நடத்துகிறோம். மாதிரிக்கு அனுமதி உண்டு. அசலுக்குத்தான் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. 1989இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆனது. நாட்டின் பிரதமர் யார் என்பதில் எங்களுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது, விடுதி உணவுக் குழுச் செயலாளர் யார் என்பதில் இல்லை.

கோபத்தில் எழுதுகிறோம் என்று தள்ளிவிட வேண்டாம். தங்கள் அச்சங்கள் எங்களுக்கும் தெரியும். அடிதடி, பணம், சாதி, வெளிக்கட்சி. நான்கும் உண்மையான அச்சங்கள்.

அடிதடி என்றால், தேர்தல் இல்லாத இத்தனை ஆண்டுகளில் சென்னையில் வளர்ந்தது என்ன? ரூட்டு தல. பேருந்துத் தடத்துக்கு ஒரு தலைவர், அவருக்கு மாலை, பஸ் டே, எதிர்த்தடத்துக்காரரைத் தேடிப் பட்டாக்கத்தி. இளைஞர் கூடும் இடத்தில் தலைவர் எப்படியும் உருவாவார். வாக்குச்சீட்டு வழியாக வரவிடாமல் செய்தால் பேருந்துக் கூரை வழியாக வருகிறார். வாக்குச்சீட்டில் நிற்பவருக்கு லிங்டோ விதிப்படி குறைந்தது 75 விழுக்காடு வருகை வேண்டும், குற்றப் பின்னணியோ ஒழுங்கு நடவடிக்கையோ இருக்கக்கூடாது, அந்த ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது. ரூட்டு தலைக்கு இந்தத் தகுதி எதுவும் கேட்பாரில்லை.

பணத்துக்கும் வரம்பு இருக்கிறது: வேட்பாளருக்கு 5,000 ரூபாய், முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கு. அச்சடித்த சுவரொட்டி கூடாது. கையால் எழுதியது மட்டும், அதுவும் ஒதுக்கிய இடத்தில் மட்டும். ஒலிபெருக்கி, வாகன ஊர்வலம் கூடாது. கட்சி நிதி கூடாது. மனுத்தாக்கலில் தொடங்கி முடிவு வரை எல்லாம் பத்து நாளுக்குள் முடிய வேண்டும்.

சாதிதான் கடினம். இங்கே தேர்தல் முறையைத் தேர்வதில் கவனம் வேண்டும். வகுப்புப் பிரதிநிதிகள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை பெரிய வளாகங்களுக்குச் சுலபம். ஆனால் நாற்பது ஐம்பது பேர் மட்டும் வாக்களிக்கும்போது யார் யார் எந்த ஊர், எந்த ஆள் என்று ஒரு மாலைக்குள் கணக்குப் போட்டுவிடலாம், மிரட்டியும் விடலாம். மூவாயிரம் பேர் நேரடியாக வாக்களித்தால் ஒரு சாதியை மட்டும் நம்பி நிற்பவர் கரைசேர்வது கடினம். நேரடித் தேர்தலே வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

நடத்த ஆளில்லை, பணமில்லை என்பதை மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். 2024 மக்களவைத் தேர்தலில் சென்னையின் மூன்று தொகுதி வாக்குகளும் ராணி மேரிக் கல்லூரி, லயோலா கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகிய வளாகங்களில்தான் எண்ணப்பட்டன. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போய்வந்த ஆசிரியர்கள் எந்தக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். பயிற்சி வகுப்பே தேவையில்லை. மூவாயிரம் மாணவர்கள் என்றால் 500 பேருக்கு ஒரு சாவடி வீதம் ஆறு சாவடி, சாவடிக்கு மூன்று ஆசிரியர், ஆக 18 பேர். மணிக்கு நூறு பேர் போட்டால் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடியும். அன்று மாலையே எண்ணிவிடலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் என மூன்று பதவிக்கு மூன்று நிறத்தில் சீட்டு. ஏ4 தாளை நான்காக வெட்டினால் 9,000 சீட்டுக்கு 2,250 தாள். நிறத்துக்கு இரண்டு ரீம் வாங்கினால் மிச்சமே இருக்கும். ஆண்டு விழாவுக்கு வைக்கும் ஃப்ளெக்ஸ் ஒன்றின் செலவு இதைவிட அதிகம்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது வாக்காளர் பட்டியல்: முதலாமாண்டு சேர்க்கை கட்டம் கட்டமாக நடப்பதால், ஒரு தேதியைக் குறித்து அன்றைய வருகைப் பதிவேட்டில் உள்ளவர்கள் மட்டும் என்று முடிவுசெய்து, மூன்று நாள் பலகையில் ஒட்டித் திருத்தம் கேட்க வேண்டும். இரண்டாவது அரியர்: பல்கலைக்கழகம் மறுமதிப்பீட்டு முடிவைத் தாமதிக்கும்போது, தேர்ச்சி பெறவிருப்பவரின் மனு பரிசீலனையில் தள்ளுபடியாகும். முடிவு நிலுவையில் இருக்கும் மாணவரை அரியர் உள்ளவராகக் கருதக்கூடாது என்று அரசாணையிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். மூன்றாவதும் முக்கியமானதும் இரகசியம். வாக்குச்சீட்டில் பதிவெண் எழுத வைப்பது, சீட்டின் வரிசை எண்ணைப் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்வது, ஆசிரியர் மேசைமீதே முத்திரை குத்தச் சொல்வது, இவை நடந்தால் அந்த 25 மதிப்பெண் வாக்குச்சாவடிக்குள்ளும் வந்துவிடும். சீட்டின் பின்புறம் அலுவலரின் சுருக்கொப்பம் போதும். மறைப்புக்கு அட்டைப்பெட்டி போதும்.

தகராறு வந்தால் தீர்க்கவும் விதி இருக்கிறது. மாணவர் நலன் பொறுப்பாளர் தலைமையில் ஒரு மூத்த ஆசிரியர், ஒரு நிர்வாக அலுவலர், இறுதியாண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர் கொண்ட குழு. கல்லூரிகளுக்கு இதையெல்லாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாக் தரமதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் ‘மாணவர் பேரவை, மாணவர் பிரதிநிதித்துவம்’ என்ற தலைப்பில் கோப்பும் புகைப்படமும் எங்கிருந்தோ தயாராகிவிடுகின்றன. அந்தக் கோப்பில் இருப்பது நிஜமாக நடக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

எனவே, தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: மாணவர் பேரவைத் தேர்தலுக்கான அரசாணையை ஆகஸ்ட் 15க்கு முன் வெளியிடுங்கள். அதில் நேரடித் தேர்தல், இரகசிய வாக்கு, பத்து நாள் கால அட்டவணை ஆகிய மூன்றும் இருக்கட்டும். சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(இ) பிரிவில் இருக்கிறது; அதைக் கைவிடச் சொல்லும் வரியைச் சேர்க்கைப் படிவத்திலிருந்து நீக்கச் சொல்லி அதே ஆணையில் ஒரு பத்தி சேருங்கள். கல்லூரி தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல் என்பது லிங்டோ குழு சொன்ன கெடு. ஜூலை முதல் வாரம் வகுப்பு தொடங்கிய கல்லூரிகளுக்கு அது ஆகஸ்ட் கடைசியோடு முடிகிறது. செப்டம்பருக்குத் தள்ளினால் உள்தேர்வு, அதன் பின் பருவத்தேர்வு, பிறகு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வரும். அந்தப் பதில் எங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

பணிவுடன்,
கலை அறிவியல் கல்லூரி மாணவர் ஒருவர்