கடைசி விசில் ஊதிய பிறகு புள்ளிப்பட்டியலில் கை வைக்காதீர்கள்

இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆட்சிக் குழுவுக்கும், சீரி பி லீக் நிர்வாகத்துக்கும், கிளப்களின் கணக்கைச் சரிபார்க்க 2024ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தனி ஆணையத்துக்கும்,

வணக்கம்.

2025 மே 13 இரவு, யுவே ஸ்தாபியாவின் மைதானத்தில் சாம்ப்டோரியா கோல் ஏதுமின்றி டிரா செய்தது. 38 ஆட்டம், 41 புள்ளி, 18ஆம் இடம். 1991இல் இத்தாலியச் சாம்பியன் ஆன கிளப், அடுத்த ஆண்டே ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் வரை போன கிளப், தன் வரலாற்றில் முதன்முறையாக, இரண்டாம் நிலை லீக்கான சீரி பி-யிலிருந்து மூன்றாம் நிலையான சீரி சி-க்கு இறங்கியது. சரியாக நாற்பது நாள் கழித்து, ஜூன் 22 அன்று, அதே கிளப் சலெர்னோவில் ஒரு ப்ளே-அவுட் (16, 17ஆம் இடத்து அணிகளில் யார் தங்குவது என்று தீர்மானிக்கும் இரண்டு ஆட்டங்கள்) ஆடி முடித்து சீரி பி-யில் தங்கிவிட்டது. இந்த நாற்பது நாள் ஏன் வந்தது, மறுபடி வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

சாம்ப்டோரியாவுக்காக வாதாட நாங்கள் வரவில்லை. ஒரே சீசனில் நான்கு பயிற்சியாளர்கள். பிர்லோவை மூன்றே ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள். பிறகு சொத்தில், டிசம்பரில் செம்ப்லிச்சி, ஏப்ரலில் எவானி. ஒவ்வொருவர் வரும்போதும் ஆட்டமுறை மாறியது. முந்தையவர் கேட்டு வாங்கிய வீரர்கள் அடுத்தவரின் திட்டத்தில் பொருந்தவில்லை. 18ஆம் இடம் அந்த அணி ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்த இடம்தான். எங்கள் கேள்வி வேறு: மே 13 அன்று மைதானத்தில் இருந்த புள்ளிப்பட்டியல் உண்மையானதா?

இல்லை. வீரர்களின் சம்பளத்தில் பிடித்த வரியையும் ஓய்வூதியப் பங்களிப்பையும் பிப்ரவரி நடுவில் கட்ட வேண்டியிருந்தபோது, அதே சீரி பி-யில் ஆடிய பிரேஷா கிளப் அதன் ஒரு பகுதியைப் பணமாகக் கட்டவில்லை. வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்கிய வரிக்கடனை, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய வரவை, காட்டி நேர் செய்தது. இத்தாலிய வரிச் சட்டம் இப்படி நேர் செய்ய இடம் தருகிறது. சிக்கல் படிவத்தில் இருக்கிறது. செலுத்தும் படிவத்தில் ஒரு பத்தியில் கட்ட வேண்டிய தொகை, அடுத்த பத்தியில் கழிக்கும் வரிக்கடன், கடைசியில் மீதி சுழியம். உண்மையான கடனைக் கழித்தாலும், இல்லாத கடனைக் காட்டிக் கழித்தாலும், பார்ப்பவர் கண்ணுக்குக் கணக்கு தீர்ந்ததாகவே தெரியும். கிளப்களின் கணக்கைப் பார்த்துவந்த கோவிசோக் குழுவின் கைக்கு வந்ததும் இந்தத் தாள்தான். அந்தக் கடன் உண்மையில் இருக்கிறதா என்பதை வரித்துறை மட்டுமே சொல்ல முடியும். அந்தப் பதில் மே நடுவில், 38 சுற்றும் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. தாங்களே ஏமாற்றப்பட்டதாக பிரேஷா தரப்பு சொன்னது. அது உண்மையாகவே இருந்தாலும் கட்டவேண்டிய பணம் கட்டப்படவில்லை என்பதில் மாற்றமில்லை.

மே 19 அன்று நடக்கவிருந்த ஃப்ரோசினோனே – சலெர்னிதானா ப்ளே-அவுட்டை முந்தின நாள் நிறுத்தினீர்கள். மே 29 அன்று கூட்டமைப்பின் தீர்ப்பாயம் அந்த சீசன் கணக்கில் பிரேஷாவின் 4 புள்ளியைக் கழித்தது. 43 புள்ளியோடு தப்பித்திருந்த பிரேஷா 39-க்கு இறங்கி வெளியேறியது. அதே 43 புள்ளியில் நின்ற ஃப்ரோசினோனே ஆடாமலே தப்பியது. 42 புள்ளி எடுத்த சலெர்னிதானாவுக்கு எதிரணி மாறியது. இறங்கிவிட்ட சாம்ப்டோரியா திரும்பி வந்தது.

சலெர்னிதானாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். மே 13-க்குப் பிறகு அவர்களின் அடுத்த போட்டி ஜூன் 15. நடுவில் 33 நாள். ஆறு நாளில் ப்ளே-அவுட் என்று உடலைத் தயார் செய்த அணி, தேதியே தெரியாமல் பயிற்சி எடுத்தது. யார் எதிரணி என்பதும் இரண்டு வாரம் தெரியாது. இரவல் வீரர்களின் ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடியும். அடுத்த கிளப் எது என்று தெரியாதவர்கள், இந்தக் கிளப்பைக் காப்பாற்ற எட்டு நாள் முன்புவரை ஆட வேண்டியிருந்தது. சாம்ப்டோரியாவின் ஊரான ஜெனோவாவில் 2-0 தோல்வி. திரும்பும் வழியில் அணியில் பலருக்கு உணவு நஞ்சாகி, இரண்டாம் ஆட்டம் இரண்டு நாள் தள்ளிப்போனது. சலெர்னோவின் ஆரெக்கி மைதானத்தில் கோடா, சிபில்லி கோல்களால் சாம்ப்டோரியா 2-0 முன்னிலையில் இருந்தபோது, 65ஆம் நிமிடத்தில் ரசிகர்கள் தீப்பந்தங்களையும் கையில் கிடைத்ததையும் வீச, ஆட்டம் நின்றுபோனது. முடிவு சாம்ப்டோரியாவுக்கு 3-0 வெற்றி என்று மைதானத்துக்கு வெளியே, தீர்ப்பால் எழுதப்பட்டது. அந்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அந்த மைதானத்தில் கூடியிருந்த கோபத்தின் ஒரு பங்கு உங்கள் காலதாமதத்தால் மூண்டது.

இது முதல் தடவையும் அல்ல. 2019 மே 13 அன்று, சீரி பி-யில் மூன்றாவதாக முடித்த பலேர்மோவைக் கணக்கு முறைகேட்டுக்காகத் தீர்ப்பாயம் கடைசி இடத்துக்குத் தள்ளியது. லீக் உடனே ப்ளே-அவுட்டை ரத்து செய்தது. மே 29 அன்று மேல்முறையீட்டில் அது 20 புள்ளிக் கழிவாக மாற, பலேர்மோ 11ஆம் இடத்துக்கு ஏறியது. ப்ளே-அவுட் திரும்ப உயிர்பெற்றது. அப்போதும் காத்திருந்தது இதே சலெர்னிதானா, எதிரில் வெனேசியா. ஆறு ஆண்டு கழித்து அதே தேதிகளில் அதே குழப்பம். அந்தக் கோடையில் பலேர்மோவும் பதிவை இழந்தது. 2025 ஜூனில் பிரேஷாவும் கட்டணக் கெடுவைத் தவறவிட்டுத் தொழில்முறைக் கால்பந்திலிருந்தே விலக நேர்ந்தது. அதாவது, கடைசி நேரத்தில் பிடிபடும் கிளப் ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருக்கும் கிளப். பிப்ரவரியிலேயே அதைக் கண்டுபிடித்திருந்தால் காப்பாற்றவும் வழி இருந்திருக்கும்.

தண்டனையின் அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். புள்ளிக் கழிவு நடப்பு சீசனில் பலன் தராவிட்டால் அடுத்த சீசனுக்கு மாற்றலாம் என்று உங்கள் விளையாட்டு நீதி விதித்தொகுப்பே சொல்கிறது. தண்டனை வலிக்க வேண்டும் என்ற இந்தக் கொள்கை கேட்கச் சரியாக இருக்கிறது. நடைமுறையில் அது நீதிபதியைப் புள்ளிப்பட்டியலைப் பார்த்தபடி எண்ணைத் தேர்ந்தெடுக்க வைக்கிறது. வீரர் பரிமாற்றக் கணக்கு முறைகேடு தொடர்பான 2022-23 யுவெண்டஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 20 அன்று வழக்குத் தொடுத்தவர் 9 கேட்டார், நீதிமன்றம் 15 கழித்தது. 37 புள்ளி 22 ஆனது. ஏப்ரல் 20 அன்று 15-ம் திரும்பி வந்தது. மே 22 அன்று 11 கேட்டார்கள், 10 கழித்தார்கள், அதுவும் எம்போலியில் ஆட்டம் நடக்கவிருந்த மாலையில். அந்த ஆட்டம் 4-1 தோல்வி. 72 எடுத்த அணி 62 புள்ளியோடு ஏழாவதாக முடித்தது. 70 எடுத்த மிலான் நான்காவதாக சாம்பியன்ஸ் லீக் போனது. யுவெண்டஸ் செய்த தவறைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. 9, 15, 0, 11, 10 என்று ஒரே குற்றத்துக்கு நான்கு மாதத்தில் ஐந்து எண் வந்தால், ரசிகனுக்கு எந்த எண்ணிலும் நம்பிக்கை வராது.

உரிய காலத்தில் கழித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024-25 சீரி பி-யிலேயே சான்று உண்டு. கோசென்சாவின் 4 புள்ளியை சீசன் தொடக்கத்திலேயே கழித்துவிட்டீர்கள். அந்த அணி கடைசி இடத்தில் முடித்தது. ஆனால் மற்ற எல்லா அணிகளும் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே ஆடின. கடைசி இருபது நிமிடத்தில் ஒரு பயிற்சியாளர் தடுப்பாட்டக்காரரை இறக்குவதா முன்கள வீரரை இறக்குவதா என்பது ஒரு புள்ளி போதுமா மூன்று வேண்டுமா என்பதைப் பொறுத்தது. மே 13 இரவு பல அணிகள் அந்த முடிவைத் தவறான பட்டியலை வைத்து எடுத்தன.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். சீசன் நடுவில் வரும் வரி, பங்களிப்புக் கெடுக்களில் பணமாக மட்டும் கட்டச் சொல்லுங்கள். அதற்கு விலக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வாங்கிய வரிக்கடனைக் காட்டும் கிளப், வரித்துறை அதை உறுதி செய்யும்வரை அதே தொகைக்கு வங்கி உத்தரவாதம் வைக்கட்டும். அந்த உறுதிமொழி 30 நாளுக்குள் வர வரித்துறையோடு நேரடித் தரவு இணைப்பு வேண்டும். பிப்ரவரிக் கெடுவுக்கு இது மார்ச் நடுவில் முடிந்துவிடும். அப்போது ஏறத்தாழ எட்டுச் சுற்று மிச்சமிருக்கும், விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் நேரமிருக்கும். ஒவ்வொரு தவறுக்கும் இத்தனை புள்ளி என்று முன்கூட்டியே அட்டவணை போடுங்கள். அணி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நீதிபதி பார்க்கவே தேவையிராது. 34ஆம் சுற்றுக்குப் பிறகு நடப்புப் பட்டியலைத் தொடாதீர்கள், கழிவு அடுத்த சீசனுக்குப் போகட்டும். கிளப் கோடையில் பதிவை இழந்தால், காலியிடத்தை நிரப்ப மறுசேர்ப்பு விதி ஏற்கெனவே இருக்கிறது.

பட்டியலைப் பூட்டும் இந்தக் கடைசி விதி மட்டும் 2025இல் இருந்திருந்தால், ஃப்ரோசினோனே – சலெர்னிதானா ஆட்டம் மே 19 அன்றே நடந்திருக்கும். சாம்ப்டோரியா அநேகமாக சீரி சி-யில் ஆடியிருக்கும். அந்த அணியை நேசிக்கிற எங்களில் சிலருக்கு அது கசப்பானது. ஆனாலும் அதைத்தான் கேட்கிறோம். அடுத்த சீசனின் விதிப்புத்தகம் அச்சுக்குப் போகும் முன், கால்பந்து அட்டவணையை வெளியிடும் அதே நாளில், இந்த நிதிக் கெடு நாள்களையும் பட்டியல் பூட்டப்படும் சுற்றையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இத்தாலிய லீக்குகளைத் தொடர்ந்து பார்த்துத் தமிழில் எழுதிவரும் ரசிகர்கள்