ஒப்புகைச் சீட்டுக் கேட்பது தவறா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வெளியான வங்கிக் கடன் பற்றிய கட்டுரையில், சிறுகடன் வாங்குவோர் ஒழுங்காகத் திருப்பிக் கட்டாததே வங்கிகளின் தயக்கத்துக்குக் காரணம் என்றிருந்ததைப் படித்து, பதினான்கு ஆண்டுகளாக மகளிர் சுயஉதவிக் குழுவொன்றின் கணக்கு நோட்டை எழுதிவரும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. எங்கள் குழு ஒரு தவணையும் தவறியதில்லை; ஒருத்தி கணவரின் மருத்துவச் செலவில் தவித்த மாதம், மற்ற பதினொரு பேரும் ஆளுக்கு நூறும் இருநூறுமாகப் போட்டு அவள் பங்கைக் கட்டினோம். வங்கிகள் பத்து ஆண்டுகளில் பத்து லட்சம் கோடி ரூபாய்க்கும் மேலான வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதும், அதில் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களுடையது என்பதும் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னவை. கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

தாங்கள் அறியாததல்ல. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. வங்கியில்லாத நான்கு ஊர்களில் கிளை திறந்தால்தான் வங்கியுள்ள ஊரில் இன்னொன்று திறக்கலாம் என்று 1977இல் ரிசர்வ் வங்கி விதித்தது. அந்நாளில் எங்கள் ஊருக்கு வந்த கிளையில் கறவை மாட்டுக் கடன் கிடைத்த பிறகுதான், என் தந்தை வட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடப்பது நின்றது. 1990இல் அந்த விதி போயிற்று. பிற்பாடு எங்கள் ஊர்க் கிளையையும் பக்கத்து நகரக் கிளையோடு சேர்த்துவிட்டார்கள்.

தையல் இயந்திரம் வாங்க, சிறுதொழில் செய்வோருக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 40,000 ரூபாய் கேட்டு அங்கே நான்கு முறை போனேன். முத்ரா கடனுக்குப் பிணையம் தேவையில்லை என்ற அறிவிப்பு அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்க, "நகை இருந்தால் கொண்டுவாருங்கள்" என்றார் அலுவலர். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டுக் கேட்டேன். விண்ணப்பத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் தனியார் நிதி நிறுவனத்தில் அதே தொகையை வாங்கி, செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு 500 ரூபாய் வீதம் 104 வாரம், 52,000 ரூபாயாகக் கட்டி முடித்தேன். வங்கி வட்டியானால் அந்த 12,000 ரூபாயில் பாதிகூட ஆகியிருக்காது. மிச்சப்படும் பணத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியிருப்பேன். அதற்கும் கடன்தான் வாங்கினேன்.

கடன் விண்ணப்பத்தைப் பெற்றால் ஒப்புகை தர வேண்டும், 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2003லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது; 2007இல் அந்த 2 லட்சம் வரம்பையும் நீக்கி, எல்லாக் கடனுக்கும் அப்படியே என்றது. அதை மட்டுமாவது தங்கள் இதழில் கட்டம் கட்டி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் குழுப் பெண்கள் கிளைக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தென்காசி மாவட்டம்.