அம்மாவின் ஸ்கேனைப் படித்துச் சொன்ன டாக்டருக்கும் மற்ற எல்லோருக்கும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டாக்டர்கள், சிஸ்டர்கள், ஸ்கேன் பிரிவுப் பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காய்ச்சலும் வயிற்று வலியுமாக நாங்கள் அழைத்து வந்த என் 74 வயது அம்மா நலமாக வீடு திரும்பிவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று வாய்வார்த்தையாகச் சொன்ன நன்றி போதாது என்று தோன்றியதால் இந்த மடல்.

முதல் நன்றி கேஷுவாலிட்டியில் இருந்த டியூட்டி டாக்டருக்கு. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. குடல் முழுக்க வாயு இருந்ததால் அல்ட்ராசவுண்டிலும் எதுவும் பிடிபடவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. தொப்புளுக்கு இடப்பக்கம் மறுபடி அழுத்திப் பார்த்தார். ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருப்பதைக் காட்டி, "வயசானவங்களுக்கு உள்ளே இருக்கிற அளவுக்கு வெளியே தெரியாது. சி.டி. எடுத்துடலாம்" என்றார்.

ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் தம்பிக்கு அடுத்த நன்றி. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்றதும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிசல்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான், படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றினார். "உடம்பெல்லாம் சூடாகும், சிறுநீர் போயிட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீங்க பாட்டி" என்று அவர் முன்கூட்டியே சொன்னதால்தான் அம்மா பதறாமல், சொன்னபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

அப்புறம், ரேடியாலஜி டாக்டர். உங்களை நாங்கள் பார்த்ததே இல்லை. நீங்கள் கண்டுபிடித்த 'ஜெஜுனல் டைவர்டிகுலைட்டிஸ்' என்ன என்பதை சர்ஜரி டாக்டர் திரையில் படத்தைக் காட்டியே விளக்கினார். சிறுகுடலின் சுவருக்குள் ரத்தக்குழாய்கள் நுழையும் இடங்கள் பலவீனமானவை. வயதானால் சிலருக்கு அந்த இடத்தில் உள்சவ்வு வெளியே பிதுங்கும், பழைய சைக்கிள் டியூப் புடைப்பதுபோல. பெருங்குடலில் இந்தப் பைகள் சகஜம், சிறுகுடலில் அபூர்வம். பலருக்குக் கடைசிவரை தொந்தரவே தராது. அம்மாவுக்கு அதில் ஒன்று அழற்சி கண்டிருந்தது. பையின் சுவர் தடித்து, சுற்றியிருந்த கொழுப்பு மங்கி, பக்கத்தில், பை லேசாகக் கசிந்திருப்பதைக் காட்டும் கடுகளவு காற்றுக் குமிழ்கள். பை, குடலைத் தாங்கும் சவ்வின் பக்கம் இருந்ததால் கசிவு அந்த மடிப்புக்குள்ளேயே அடங்கிவிட்டதாம். எக்ஸ்ரேயில் தெரியாததன் காரணம் அதுதான். அத்தனை படங்களுக்கு நடுவே அந்தக் குமிழ்களைப் பார்த்த கண்களுக்குக் கோடி நன்றி.

ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திராமல் நீங்களே சர்ஜரி வார்டுக்குப் போன் செய்தீர்கள். எது இருக்கிறது என்பதோடு, சீழ்க்கட்டி இல்லை, வயிற்றுக்குள் காற்று பரவவில்லை, குடலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் தடை இல்லை என்று எதெல்லாம் இல்லை என்பதையும் சொன்னீர்கள். அந்த 'இல்லை'களை நம்பித்தான் உடனே கத்தி வைக்க வேண்டாம் என்று முடிவானது. இப்படிப் பார்க்கும் வழியே முன்பு கிடையாது. 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்தபோதுகூட மூளையைத்தான் எடுத்தார்கள். வயிற்றை இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

வாய்வழி எதுவும் கொடுக்காமல், ட்ரிப்ஸும் ஆன்டிபயாட்டிக் ஊசியுமாகக் குடலுக்கு ஓய்வு கொடுத்து, மோசமானால் ஆபரேஷன் என்று தயாராகவும் இருந்த சர்ஜரி குழுவுக்கும், இரவிலும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிஜி (மேற்படிப்பு படிக்கும்) டாக்டர்களுக்கும், "ஒரு வாய் காப்பி" என்று கெஞ்சிய அம்மாவைக் கோபிக்காமல் சமாளித்த சிஸ்டர்களுக்கும் நன்றி.

அம்மா இப்போது குழைந்த சோறும் ரசமும் சாப்பிடுகிறார். குறைந்திருந்த பி12-க்கு ஊசி போட்டுக்கொள்கிறார். அடுத்த முறை செக்கப்புக்கு வரும்போது ரேடியாலஜி டாக்டரை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், டாக்டர்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளியின் மகள்