உச்சியில் இருப்பது ஆப்பிரிக்கா

அன்புள்ள முரளி,

நலம்தானே? சுதாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். இத்தனை மாதம் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள். இப்போது சுவிஸ்-இத்தாலி எல்லையில் நிற்கும் மேட்டர்ஹார்ன் மலையைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும்.

அடிவாரத்து ஊரான செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் என்ற மலைமுகட்டுக்கு 1898-லிருந்து ஓடும் பல்சக்கர ரயிலில் ஏறி, ரோட்டன்போடனில் இறங்கி, ரிஃபல்சே ஏரிக்கு நடந்தேன். காற்றே இல்லை. 4,478 மீட்டர் மலை தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. காலண்டரில் பார்த்துச் சலித்த மலைதானே என்று உதட்டைப் பிதுக்குவாய், தெரியும். கேள்.

அந்த உச்சிப்பாறை ஐரோப்பாவுடையதே இல்லை! ஆப்பிரிக்கப் பக்கத்து நிலத்தட்டின் விளிம்பிலிருந்து வந்தது. அதற்குக் கீழே இருப்பது, நடுவில் கிடந்த டெதிஸ் கடலின் தரை. தட்டுகள் நெருங்கி மோதியதில் கடல் மூடிக்கொண்டது. தெற்கேயிருந்து வந்த பாறை அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஏரிக்கரையில் நிற்கும் ரிஃபல்ஹார்ன் குன்றும் அந்தப் பழைய கடலின் மிச்சம்தான். சர்ப்பன்டினைட் என்ற பாறை. கரும்பச்சை நிறம், தடவினால் சோப்புக்கட்டி போல வழவழப்பு. கையை எடுக்க மனசே வரவில்லை.

கூர்மை மட்டும் பனியாறுகளின் வேலை. கந்தசாமி சார் வகுப்பில் இந்த மலையை மூன்று கோட்டில் வரைந்து முடிப்பாரே, நீகூட நாலாவது முகம் எங்கே என்று எழுந்து நின்று வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அதேதான். ஒவ்வொரு பக்கமும் பனி குடைந்த பள்ளம் பின்னோக்கி அரித்துக்கொண்டே போய், மிஞ்சியது நாலு சுவர், நாலு முகடு. நீ கேட்டது சரியான கேள்வி.

ஆனால் முரளி, பயமாகவும் இருக்கிறது. விரிசல் விட்ட பாறைகளைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே உறைந்திருக்கும் பனி. 2003 கோடை வெயிலில் இந்த மலையின் ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்து, மேலே மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். 2022, 2023 என்று இரண்டே வருஷத்தில் சுவிஸ் பனியாறுகளின் பனியில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. கோர்னர் பனியாற்றை மேலேயிருந்து பார்த்தேன். பனி எங்கோ அடியில் கிடக்கிறது, இருபுறமும் வெறும் கல்லும் மண்ணும். பார்க்கப் பொறுக்கவில்லை.

அதனால் தள்ளிப்போடாதே. அடுத்த கோடை லீவுக்கு வந்துவிடு. விசா, செலவு என்று இழுக்காதே. செர்மாட்டில் ஓட்டல் விலை கொள்ளை, நாம் புளிசாதம் கட்டிக்கொண்டு போவோம். அப்புறம், சாரின் இப்போதைய முகவரி இருந்தால் அனுப்பு. அவருக்கும் எழுதவேண்டும்.

அன்புடன்,
சேகர்