அக்காவுக்கு, என் ஆய்வைப் பற்றி

அன்புள்ள அக்கா,

நான் நலம். அத்தானும் பிள்ளைகளும் நலமா? "அங்க என்னதான் ஆராய்ச்சி பண்றே?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பல நாட்டு மாணவர்களின் உணர்வு நுண்ணறிவை அளக்கிறோம். அதாவது, தன் மனநிலையையும் அடுத்தவர் மனநிலையையும் புரிந்து நடந்துகொள்ளும் திறன். 1990இல் சாலவே, மேயர் என்ற உளவியலாளர்கள் இதை ஆய்வுப் பொருளாக்கினார்கள். 1995இல் இதைப் பற்றி கோல்மன் என்பவர் எழுதிய புத்தகம் வந்த பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

அளக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் மாணவரையே கேட்டுவிடுவோம். வாங், லா இருவரும் 2002இல் வெளியிட்ட வினாத்தாளில் 16 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். இரண்டாவது, பரீட்சை மாதிரி. மேயர், சாலவே, கருசோ மூவரும் 2002இல் வெளியிட்ட தேர்வில் 141 கேள்விகள். அதில் ஒரு பகுதி, படத்திலுள்ள முகத்தில் எந்த உணர்வு எவ்வளவு தெரிகிறது என்று சொல்வது. முன்பு எழுதியவர்களில் பெரும்பாலோர் சொன்னதையோ, 21 வல்லுநர்கள் சொன்னதையோ வைத்துத்தான் மதிப்பெண்.

இதுதான் என்னை உறுத்துகிறது. வந்த புதிதில் இங்குள்ளவர்களின் முகத்தைப் பார்த்தால் திருப்தியா சலிப்பா என்றே எனக்குப் பிடிபடாது. இப்போது பிடிபடுகிறது. என் நுண்ணறிவு கூடிவிடவில்லை, முகங்கள் பழகிவிட்டன, அவ்வளவுதான். தம் இனத்தவர் முகத்தை மனிதர்கள் சற்றுக் கூடுதலாகவே சரியாகப் படிக்கிறார்கள் என்று எல்ஃபென்பைனும் அம்பாடியும் 2002இலேயே பல ஆய்வுகளைத் திரட்டிக் காட்டிவிட்டார்கள். 2008இல் மசூடா குழுவினர் செய்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. நடுவில் ஒருவர், சுற்றிலும் சிலர் நிற்கும் படங்களைக் காட்டி, நடுவில் நிற்பவரின் உணர்வைக் கேட்டார்கள். ஜப்பானியர்களின் பதிலைச் சுற்றி நின்றவர்களின் முகங்களும் மாற்றின. அமெரிக்கர்களிடம் அது அவ்வளவாக இல்லை. தனி முகத்தை மட்டும் காட்டும் தேர்வில் அந்தத் திறமை எங்கே தெரியும்?

வினாத்தாளிலும் சிக்கல்தான். சிலர் கூச்சத்தால் 4லேயே நிற்பார்கள், சிலர் தயங்காமல் 7 போடுவார்கள். அதோடு, ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றியிருப்பவர்களோடுதானே தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார்! எல்லோருமே பக்குவமாக நடக்கும் இடத்தில் பக்குவமானவர்கூடத் தன்னைச் சராசரி என்றுதான் சொல்வார். தராசு முள் ஓரிடத்தில் பூஜ்யத்திலும் வேறிடத்தில் அதற்கு மேலும் நின்றால் எடையை எப்படி ஒப்பிடுவது? அதனால், ஒரே அளவு திறன் உள்ளவர்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே மதிப்பெண்தான் வருகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். அதில் தேறாவிட்டால் சராசரிகளை வைத்து எந்த நாட்டையும் உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது. ஒரு நாட்டு மாணவர்களையே "உணர்வு புரியாதவர்கள்" என்று ஒரு அட்டவணை சொல்லிவிட்டால், படிக்க வரும் அந்தப் பிள்ளைகளை இங்குள்ளவர்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்?

என் ஆய்வில் தரவரிசை வேண்டாம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் இந்தத் திறனுக்கும் படிப்பு தரும் மன அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று மட்டும் பார்க்கப்போகிறேன். அவரும் சம்மதித்துவிட்டார்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. பதில் எழுது.

அன்புடன்,
உன் தம்பி