டிரம்ஸ் வாசித்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ‘தலைசிறந்த பத்து பங்க் பாடல்கள்’ கட்டுரையின் முதல் பத்தியிலேயே “டிஸ்கோவிலிருந்து கிளைத்த பங்க் இசை” என்று ஒரு வரி இருக்கிறது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். அப்படியேதான் இருந்தது.

டிஸ்கோ என்ற நடன இசை அமெரிக்க வானொலிகளை ஆட்டிவைத்தது 1970-களின் நடுவில். கட்டுரை பேசுகிற இசையின் முன்னோடியான அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ வந்தது 1965-ல். பேரன் வயிற்றில் தாத்தா பிறந்த கதையை உங்கள் பத்திரிகையில்தான் முதன்முதலாகப் படிக்கிறேன். தங்களுக்குத் தெரியாத விஷயமா இது? தெரிந்தும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம் அந்த ‘பங்க்’. தலைப்பைப் பார்த்த என் மனைவி, “பெட்ரோல் பங்க்குக்குக்கூட பாட்டு வந்துடுச்சா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. கிழிந்த சட்டையும் ஊக்குமாக 1970-களில் வந்த ராக் இசைக்குத்தான் பங்க் என்று பெயர். இது ஃபங்க், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தாளம் தூக்கலான இசை. இந்த வித்தியாசத்தைக் காட்டத் தமிழில் மூன்று புள்ளி வைத்து ஓர் எழுத்து சும்மாவே கிடக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஜாஸ் கட்டுரையில் டிரம்பெட் படத்துக்குக் கீழே சாக்ஸபோன் என்று போட்டீர்கள். அதற்கும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். “கட்டுரை அருமை” என்ற இரண்டு சொல்லை மட்டும் வெளியிட்டீர்கள். அதற்கு அடுத்த சொல் ‘ஆனால்’.

நான் விமர்சகன் இல்லை. மெல்லிசைக் குழு ஒன்றில் பதினோரு வருடம் டிரம்ஸ் வாசித்தவன். கப்பல் வேலையிலிருந்த பெரியம்மா மகன் ஒரு கேசட் கொண்டுவந்தான். அதில் ஜேம்ஸ் பிரவுன் 1967-ல் வெளியிட்ட ‘கோல்டு ஸ்வெட்’ இருந்தது. கேட்டதும் எனக்குப் பிடிபடவில்லை. நாலாவது எண்ணிக்கையில் விழவேண்டிய ஸ்னேர் (டிரம்ஸில் ‘சட்’டென்று ஒலிக்கும் சிறு முரசு) அடி அங்கே விழாது, அரை எண்ணிக்கை தள்ளி விழும். கால் தடுமாறும். ஆனால் சுற்று திரும்பி ‘ஒன்று’க்கு வரும்போது மொத்தக் குழுவும் அங்கே வந்து நிற்கும். நம் பாஷையில் சமம். மூன்று வாரம் தலையணையில் தட்டிப் பழகினேன். ஒரு கல்யாண வரவேற்பில் ஆசை தாங்காமல் அதை நுழைத்தேன். பாடகர் எடுப்பைத் தவறவிட்டு, மேடையிலேயே திரும்பி முறைத்தார். அன்றைய சம்பளத்தில் பாதிதான் வந்தது. அதனால் எது தலைசிறந்த ஃபங்க் பாட்டு என்று என்னைக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன், ‘கோல்டு ஸ்வெட்’தான். உங்கள் பத்தில் அது இல்லவே இல்லை.

மூன்றாவது பத்தியில் “ஜேம்ஸ் பிரவுன் தனியொருவராகக் கண்டுபிடித்த இசை” என்று வருகிறது. அப்படியானால் டிஸ்கோ என்ன ஆயிற்று? சரி, அதை விடுவோம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை ஏன் விட்டீர்கள்? சவ ஊர்வலத்தில் பேண்டுக்குப் பின்னால் குடையும் கைக்குட்டையும் வீசி ஆடிக்கொண்டே வருகிற கூட்டத்துக்கு அங்கே ‘செகண்ட் லைன்’ என்று பெயர். அந்த நடையும் ஃபங்க் தாளத்துக்கு ஒரு வேர். 1960-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பிரவுனுக்கு டிரம்ஸ் வாசித்த கிளேட்டன் ஃபில்யாவே அந்தத் தாளத்தை அந்த ஊர் டிரம்மர் ஒருவரிடம் பிடித்துக்கொண்டதைச் சொல்லியிருக்கிறார். தி மீட்டர்ஸ் குழுவின் ‘சிஸ்ஸி ஸ்ட்ரட்’ (1969) பாடகரே இல்லாத ஃபங்க். அதுவும் பட்டியலில் இல்லை.

முதலிடம் 2014-ல் வந்த ‘அப்டவுன் ஃபங்க்’. நல்ல பாட்டுதான், என் பேத்தி நன்றாக ஆடுவாள். ஆனால் பழைய ஃபங்க் குழுவான கேப் பேண்டின் பாட்டை ஒத்திருந்ததால், வந்த மறுவருடமே அந்தக் குழுவினரின் பெயர்களையும் அதன் ஆசிரியர்களோடு சேர்க்க வேண்டியிருந்தது. இது கட்டுரையாளருக்குத் தெரியுமா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எட்டாமிடத்தில் ‘ஃபங்கி டிரம்மர்’. 1969-ல் சின்சினாட்டியில் பதிவான பாட்டு. அதற்குக் கால் பக்கம் ஒதுக்கி, ஜேம்ஸ் பிரவுன் படம் போட்டு, அவருடைய தலைமுடியைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். டிரம்ஸ் யார் வாசித்தது என்று ஒரு சொல் கிடையாது. பாட்டின் பெயரே டிரம்மர், ஐயா! மற்றவர்களெல்லாம் நிறுத்திவிட, கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு சுமார் 20 விநாடி தனியாக வாசிப்பார். அந்த 20 விநாடியை வெட்டியெடுத்து நூற்றுக்கணக்கான ஹிப்ஹாப் பாட்டுகள் பிழைத்தன. பப்ளிக் எனிமி குழு 1989-ல் போட்ட ‘ஃபைட் த பவர்’ உட்பட. பாட்டின் உரிமையில் ஸ்டபிள்ஃபீல்டு பெயர் கிடையாது. புற்றுநோய் வந்தபோது அவருடைய மருத்துவச் செலவைச் சத்தமில்லாமல் கட்டியவர் பாடகர் பிரின்ஸ். 2017-ல் ஸ்டபிள்ஃபீல்டு காலமானார். அமெரிக்காவில் விட்டதைத் திருச்சியில் உட்கார்ந்து நாமும் விட வேண்டுமா? பதினோரு வருட வாசிப்பில் என் பெயரும் எந்த நோட்டீஸிலும் வந்ததில்லை. அது வேறு கதை.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில், ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு என்று ஒரே ஒரு வரி போடுங்கள். இனிமேலாவது ஃபங்குக்கு ஆய்தம் வையுங்கள். இடப் பற்றாக்குறை என்றால் இந்தக் கடிதத்தில் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், வழக்கம்தானே.

இப்படிக்கு,
இருபத்தாறு வருட சந்தாதாரர்,
திருச்சி.

பி.கு.: ஸ்டபிள்ஃபீல்டிலும் ஓர் ஆய்தம் இருக்கிறது. பார்த்துப் போடவும்.